ஆவாரம்பூத் தேநீர்

ஆவாரை வறண்ட நிலத்துச் செடி. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் தரிசிலும் சாலையோரத்திலும் விதைப்பார் இல்லாமலே புதராக வளர்ந்து, மஞ்சள் பூக்களைக் கொத்துக் கொத்தாக விடும். தாவரவியலில் இதன் பெயர் சென்னா ஆரிகுலேட்டா.

இவ்வட்டாரத் தோல் தொழிலைத் தொடக்கத்தில் தாங்கி நின்றதும் இதே செடிதான். சுண்ணாம்பு நீரில் போட்டு மயிர் நீக்கிய தோலை, ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில் பல நாள் போட்டுப் பதனிட்டார்கள். பட்டையிலுள்ள டானின், தோலின் கொலாஜன் புரதத்தோடு பிணைந்து அதை அழுகாமல் காக்கிறது. இப்படிப் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவந்துவிடும். அதைத் தடுக்கக் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரிலும் நனைத்தெடுத்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் வாட்டில் மரப்பட்டையும் குரோமியமும் ஆவாரையின் இடத்தைப் பிடித்தன.

தோலைப் பதப்படுத்தும் டானினே நாக்கில் துவர்ப்பாகத் தெரிகிறது. எச்சிலின் புரதங்களோடு அது சேர்வதால் வாய் இழுத்துப் பிடிக்கிறது. ஆகவே தேநீருக்குப் பட்டை வேண்டாம், பூவே போதும். அதையும் நெடுநேரம் காய்ச்சக் கூடாது.

பூவை எங்கே பறிப்பது என்பதில்தான் முழுக் கவனமும் வேண்டும். தோல் ஆலைக் கழிவு பாய்ந்த நிலத்தில் குரோமியம் தங்கியிருக்கும். அங்கும், வண்டிப் புகை படியும் நெடுஞ்சாலை ஓரத்திலும் எவ்வளவு செழித்துப் பூத்திருந்தாலும் தொடக் கூடாது. ஆலைகளுக்கு எட்டாத தரிசுகளில் காலையில் பறிப்பது நல்லது. காம்பு நீக்கி, அலசி, துணியில் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். ஈரம் மிஞ்சினால் பூஞ்சை பிடிக்கும். சருகாக நொறுங்கும் பதம் வந்ததும் கண்ணாடிப் பாட்டிலில் இறுக மூடி வைக்கலாம்.

இரண்டு தம்ளர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி உலர்பூ. பச்சைப் பூவானால் ஒரு கைப்பிடி. தட்டிய சுக்கும் ஓர் ஏலக்காயும் சேர்த்து, ஐந்து நிமிடம் சிறுதீயில் கொதித்ததும் வடிகட்டினால் பொன்னிறத் தேநீர் தயார். வேண்டுமானால் பனைவெல்லம் சேர்க்கலாம். தேயிலை சேராததால் காஃபீனுக்கு அஞ்ச வேண்டியதில்லை. இலங்கையில் இதை ரணவரா என்ற பெயரில் அன்றாடம் அருந்துகிறார்கள்.

டானின் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடலில் சேரவிடாமல் குறைப்பதால், சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல் இடைவேளையில் குடிக்க வேண்டும். சர்க்கரை நோய்க்காகக் குடிப்பவர்களுக்கும் இந்தத் தேநீர் மருந்துக்கு மாற்று ஆகாது. மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் கேட்ட பிறகே குடிக்கத் தொடங்க வேண்டும்.