அச்சுப் படத்தில் ஒளிந்திருக்கும் புள்ளிகள்

நாளிதழில் வந்த ஒரு படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். முகமும் வானமும் மறைந்துபோய், வெறும் புள்ளிகள்தாம் தெரியும். ஏன் இப்படி?

காரணம் ரொம்ப எளிது. அச்சு இயந்திரத்துக்குச் சாம்பல் நிறம் அடிக்கத் தெரியாது. ஓர் இடத்தில் மை படும், இல்லையென்றால் படாது, அவ்வளவுதான். ஆகவே, கருமையான இடத்தில் பெரிய புள்ளி, வெளிறிய இடத்தில் சிறிய புள்ளி என்று படத்தை மாற்றிவிடுகிறார்கள். தள்ளிவைத்துப் பார்க்கும்போது நம் கண் மையையும் தாளின் வெண்மையையும் கலந்து சாம்பலாகக் காண்கிறது. இதுவே ஹாஃப்டோன் முறை.

முற்காலத்தில் கோடுகள் கீறிய கண்ணாடித் திரை வழியாகப் படமெடுத்துப் புள்ளிகளை உண்டாக்கினார்கள். 1970களில் உருளை ஸ்கேனர்களே லேசர் கொண்டு இந்த வேலையைச் செய்யத் தொடங்கின. படத்தை உருளையில் ஒட்டிச் சுழற்றுவார்கள். மெல்லிய ஒளிக்கற்றை அதைத் துளித்துளியாகப் படிக்கும். சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் நிறத்தைப் பிரிக்கும். பிறகு சயான், மெஜெண்டா, மஞ்சள், கறுப்பு ஆகிய 4 மைகளுக்கும் தனித்தனிப் பிலிமில் லேசர் புள்ளி வைக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. லேசர் ஓர் அங்குலத்தில் 2,400 பொட்டு வைக்கிறது. படத்துக்கு அங்குலத்துக்கு 150 புள்ளி வரிசை தேவை. 2,400 ÷ 150 = 16. அதாவது, ஒவ்வொரு புள்ளிக்கும் 16 × 16 = 256 கட்டங்கள். அவற்றில் 128 கட்டங்களை நிரப்பினால் பாதிக் கருமை. 64 நிரப்பினால் கால்பங்கு.

நான்கு மைகளின் வரிசைகளும் ஒன்றோடொன்று மோதினால் அலையலையாகக் கறை தெரியும். அதைத் தவிர்க்க ஒவ்வொன்றையும் வெவ்வேறு கோணத்தில் சாய்ப்பார்கள். கண்ணில் அதிகம் படும் கறுப்புக்கு வழக்கமாக 45 பாகை.

இது நமக்கு எதற்கு? இதழில் வந்த படத்தை ஸ்கேன் செய்து படக்கட்டுரைக்குக் கொடுக்கிறோம். அதில் ஏற்கெனவே புள்ளிகள் உண்டு. நம் இயந்திரம் தன் புள்ளிகளையும் சேர்க்கிறது. அலைக்கறை படிகிறது, முகம் கருத்துவிடுகிறது. படத்தில் இருப்பவர் அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று மாணவர் தடுமாறினால், அது யார் பிழை?

ஆகவே ஆசிரியர்களே, முடிந்தவரை மூலப் படத்தையே பயன்படுத்துங்கள். அச்சுப் படம்தான் கிடைக்கும் என்றால், ஸ்கேனரில் 'டிஸ்கிரீன்' வசதியைத் தேர்ந்தெடுங்கள். அது பழைய புள்ளிகளை மழுக்கிவிடும். எல்லாப் பிரதிகளையும் எடுப்பதற்கு முன், ஒரே ஒரு பிரதி எடுத்து, மாணவர் பார்க்கும் தூரத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.