புலன்களுக்கு இதமான காட்சிகளும் பெற்றோர் பொறுப்பும்

திரைப்படக் கொட்டகையில் விளக்குகள் அணைந்து ஒலிபெருக்கி முழங்கத் தொடங்கியதும் பெரும்பாலான குழந்தைகள் மகிழ்ச்சியுடன் நிமிர்ந்து உட்காருகின்றன. சில குழந்தைகளோ காதுகளைப் பொத்திக்கொண்டு அலறுகின்றன. சில எழுந்து ஓடுகின்றன. சில கைகளை உதறிக்கொண்டு குதிக்கின்றன. பக்கத்திலிருப்போர் திரும்பிப் பார்க்கின்றனர். வளர்ப்புச் சரியில்லை என்ற முணுமுணுப்பும் எழுகின்றது. இதற்கு அஞ்சியே பல குடும்பங்கள் விழா, நாடகம், பொருட்காட்சி ஆகிய எவற்றிற்கும் செல்லாது வீட்டிலேயே அடங்கிவிடுகின்றன.

இந்நிலையை மாற்றும் பொருட்டுத் தோன்றியவையே புலன்களுக்கு இதமான காட்சிகள். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில், ஆட்டிசம் உள்ள தன் மகளுக்காக ஒரு தாய் விடுத்த வேண்டுகோளின்பேரில் 2007-இல் இத்தகைய திரைப்படக் காட்சி நடத்தப்பட்டது. பின்னர் ஏ.எம்.சி. திரையரங்கு நிறுவனம் அந்நாட்டு ஆட்டிசம் சங்கத்துடன் சேர்ந்து பல ஊர்களிலும் இதனை நடத்தலாயிற்று. விளக்குகள் முற்றிலும் அணைக்கப்படுவதில்லை, ஒலி குறைக்கப்படுகின்றது, குழந்தைகள் எழுந்து நடக்கவும், ஆடவும், குரல் எழுப்பவும் தடையில்லை. 2011 அக்டோபர் 2-ஆம் நாள் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் 'தி லயன் கிங்' இசை நாடகமும் இம்முறையில் நடிக்கப்பட்டது.

புலனுணர்வின் இயல்பு

லியோ கானர் என்ற மருத்துவர் 1943-இல் ஆட்டிசத்தை முதன்முதலாக விரிவாக விளக்கியபொழுதே, உரத்த ஓசை அக்குழந்தைகளை அச்சுறுத்துவதைக் குறிப்பிட்டார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பு, புலனுணர்வு மிகுதியாகவோ குறைவாகவோ இருத்தலை ஆட்டிசத்தின் அறிகுறிகளுள் ஒன்றாகச் சேர்த்தது. மிகுதியாக உணரும் குழந்தை ஓசையைக் கண்டு ஒதுங்கும். குறைவாக உணரும் குழந்தை அதனைத் தேடித் தானே ஓசை எழுப்பும்.

ஒலியை 10 டெசிபல் குறைத்தால் அதன் செறிவு பத்தில் ஒரு பங்காகிவிடும். ஆயினும் கேட்போருக்கு ஓசை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததாகவே தோன்றும். ஆகவே ஒலிபெருக்கியின் திருகைச் சிறிது திருப்பிவிட்டுத் தம் கடமை முடிந்ததென அமைப்பாளர் எண்ணலாகாது. இவ்வாறே, பழைய வகைச் சோக்குடன் எரியும் குழல் விளக்கின் ஒளி, 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தில் வினாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றது. பெரும்பாலோர் இதனை உணர்வதில்லை. சிலருக்கு இது உறுத்தலாகும்.

அடமும் கொந்தளிப்பும்

அடம் பிடிக்கும் குழந்தைக்கு ஒரு நோக்கம் உண்டு. தன்னை யாரேனும் கவனிக்கின்றனரா என்று அது பார்க்கும். கேட்டது கிடைத்தால் அடங்கும். புலன்கள் தாங்க இயலாத நிலையில் எழும் கொந்தளிப்புக்கு அத்தகைய நோக்கமில்லை. மிட்டாய் கொடுத்தாலும் அது நிற்பதில்லை, அதட்டினால் மிகும். ஓசையும் ஒளியும் குறைந்த இடத்தில், போதிய நேரம் கழிந்த பின்னரே தணியும். இரண்டும் கலந்து வருதலும் உண்டு. அடமாகத் தொடங்கியது, களைப்பினால் கொந்தளிப்பாக முடியலாம். எனவே ஒரு நொடியில் தீர்ப்புக் கூறுவது தவறாகும்.

விதி தளர்ந்தால் பொறுப்பும் தளருமா?

ஒரு சிறுவன் மகிழ்ச்சி மிகுதியால் உரக்கக் கூவுகின்றான். முன் வரிசையில் ஒரு சிறுமி காதைப் பொத்திக்கொண்டு அழுகின்றாள். அக்காட்சி இருவருக்காகவும் நடத்தப்படுவதே. சிறுவனின் கூவல் குற்றமன்று. சிறுமியின் வேதனையும் பொய்யன்று. இங்கே சிறுவனின் பெற்றோர், 'இங்கு எதுவும் செய்யலாம்' என்று கூறி வாளா இருப்பது முறையாகாது. அவனை அடித்தும் அதட்டியும் வாயடைப்பது அதனினும் கொடிது. சிறிது நேரம் அவனை வெளியே நடத்திச் சென்று மீண்டும் அழைத்து வரலாம். வேறு வரிசைக்கு மாறலாம். சிறுமியின் பெற்றோரும் காதுமூடி கொண்டுவந்திருத்தல் நலம். அசைவுக்கும் குரலுக்கும் இடமுண்டு. பிறரை அடித்தல், தள்ளுதல், கடித்தல் ஆகியவற்றிற்கு இடமில்லை. அவை நிகழ்ந்தால் குழந்தையை உடனே விலக்கி, பாதிக்கப்பட்ட குடும்பத்தாரிடம் வருத்தம் தெரிவிப்பது பெற்றோர் கடமை. ஆட்டிசம் அச்செயலுக்குக் காரணமாகலாம். அடிபட்ட குழந்தையின் வலியை அது குறைப்பதில்லை.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

முதலாவது, முன்னறிவிப்பு. செல்லுமிடம், அங்கு நிகழ்வன, இடையில் வெளியே வரலாம் என்பது ஆகியவற்றைப் படங்களுடன் எளிய கதையாக முன்கூட்டியே சொல்லுதல் வேண்டும். கேரல் கிரே என்னும் அமெரிக்க ஆசிரியை 1990-களின் தொடக்கத்தில் வகுத்த 'சமூகக் கதை' முறை இதுவே.

இரண்டாவது, குறிப்பறிதல். கொந்தளிப்பு பெரும்பாலும் அறிகுறி காட்டிய பின்னரே வரும். காதைத் தொடுதல், வேகமாக ஆடுதல், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கூறுதல் முதலியன குழந்தைக்குக் குழந்தை வேறுபடும். அவற்றை முதலில் அறியக்கூடியவர் பெற்றோரே. முழுக் காட்சியையும் பார்த்தே தீரவேண்டும் என்று பிடிவாதம் கொள்ளாது, அறிகுறி தோன்றியவுடன் வெளியேறுவது தோல்வியன்று.

மூன்றாவது, இமை கொட்டாத காவல். 'பீடியாட்ரிக்ஸ்' என்ற மருத்துவ இதழில் 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், நான்கு வயதும் அதற்கு மேலும் ஆன ஆட்டிசக் குழந்தைகளுள் 49 சதவீதத்தினர் ஒரு முறையேனும் பாதுகாப்பான இடத்தை விட்டு நழுவிச் செல்ல முயன்றதாகப் பெற்றோர் தெரிவித்தனர். தொண்டர்கள் பலர் நிற்பதால் தாம் கைப்பேசியில் ஆழ்ந்திருக்கலாம் என்று எண்ணும் பெற்றோர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஆசிரியரும் களப்பணியாளரும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ஆட்டிசத்தைத் தன் அட்டவணையில் சேர்த்துள்ளது. பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் மாற்றுத்திறனாளிகள் பிறருக்குச் சமமாகப் பங்குபெறுவதற்கு வேண்டியன செய்யும் பொறுப்பை அதன் 29-ஆம் பிரிவு அரசின் மீதும் உள்ளாட்சிகளின் மீதும் சுமத்துகின்றது. பள்ளி ஆண்டுவிழாவிலோ விஞ்ஞானப் பொருட்காட்சியிலோ கூட்டமில்லாத முதல் ஒரு மணி நேரத்தை இக்குழந்தைகளுக்கென ஒதுக்குவதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஒலிபெருக்கியை அணைத்து, ஒரு வகுப்பறையை அமைதி அறையாக்கி, வாயிலில் பொறுப்பான ஒருவரை நிறுத்தினால் போதும். அனுமதிக்கப்படுவன, அனுமதிக்கப்படாதன இரண்டையும் அழைப்பிதழிலேயே தெளிவாக எழுதிவிடுவது பின்னர் எழும் மனக்கசப்பைத் தவிர்க்கும்.

கொந்தளிப்பு நேர்ந்தபொழுது, சுற்றி நிற்போரை அகற்றுவதும், தாயிடம் "தங்களுக்கு என்ன உதவி வேண்டும்?" என்று தாழ்ந்த குரலில் கேட்பதுமே ஊழியர் செய்யத்தக்க முதற்பணி. அறிவுரை கூறுவதற்கு அது நேரமன்று. பழிக்கு அஞ்சாத பெற்றோரே பொறுப்பை மனமுவந்து ஏற்பர். அந்த அச்சத்தைப் போக்குவது நம் கையில் உள்ளது.