பாழ்மனையின் கவர்ச்சி

குடியிருப்பாரற்ற மனையைக் கண்டு அஞ்சுதல் மாந்தர்க்கு இயல்பு. அங்ஙனமாகவும், அத்தகைய மனைகளையே தேடிச் சென்று, இடிந்த படியேறி, நிழற்படம் எடுத்து மகிழ்வோர் இந்நாளிற் பல நாடுகளிலும் உளர். அச்சமும் விருப்பும் ஒருங்கே தோன்றுவது எங்ஙனம்? பழங்கோட்டையின் சிதைவு காண்பாரை நடுக்குவதில்லை; அதிலே வாழ்ந்தோர் நெடுந்தொலைவிலுள்ளவர். அண்மையிற் கைவிடப்பட்ட வீட்டின் நிலை வேறு. அங்கே கிடக்கும் செருப்பு தம் செருப்பைப் போன்றது. தாம் இல்லாத உலகைத் தாமே உயிரோடு நின்று காண்பது போன்றதோர் உணர்ச்சி அது.

யப்பானில், நாகசாகிக்கு அப்பாற் கடலிலுள்ள ஹசிமாத் தீவு இதற்குத் தக்க சான்றாகும். அதன் நீளம் ஏறத்தாழ 480 மீற்றர். அகலம் 160 மீற்றர். கடலடி நிலக்கரியை வேண்டி மிற்சுபிசி நிறுவனம் 1890 இல் இதனை வாங்கிற்று. 1916 இல் இங்கெழுந்த கொங்கிறீற்று மாடிக் குடியிருப்பு அந்நாட்டிற் காலத்தால் முற்பட்டவற்றுள் ஒன்று. 1959 இல் 5,259 பேர் இச்சிறு திட்டில் நெருங்கி வாழ்ந்தனர். பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் கடைகளும் இருந்தன. நிலக்கரியின் இடத்தைப் பெற்றோலியம் கைப்பற்றவே, 1974 சனவரியிற் சுரங்கம் மூடப்பட்டது. ஏப்பிரலில் இறுதியாக எஞ்சியோரும் கப்பலேறினர். தொலைக்காட்சிப் பெட்டிகள் முதலாயின அறைகளிற் கிடந்தபடியே கிடந்தன.

பின்னர்க் கடற்காற்று தன் வேலையைத் தொடங்கியது. உப்பு உள்ளே ஊறிக் கம்பியைத் துருவேற்றும். துரு இரும்பினும் மிகுந்த இடத்தை வேண்டுமாதலின், கொங்கிறீற்றை உள்ளிருந்தே பிளக்கும். படத்தில் அழகெனத் தோன்றும் வெடிப்பு இவ்வாறு உண்டானதே.

ஆளற்ற அறையை ஆளற்றதாகக் காட்டுவதே இப்படங்களின் சுவை. நிழலாகவேனும் ஒருவர் உட்புகின் படம் கெட்டதெனக் கலைஞர் கருதுவர்! ஆயின் அங்கே இல்லாதவர் யாவர் என்பதைப் படம் உரையாது. இரண்டாம் உலகப்போர்க் காலத்திற் கொரியரும் சீனரும் இத்தீவுக்கு வலிந்து கொணரப்பட்டுச் சுரங்கத்தில் உழைத்தனர். 2015 இல் இத்தீவு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தபோது, கொரியர் முதலியோர் பலர் தம் விருப்பத்துக்கு மாறாகக் கொணரப்பட்டுக் கடுமையான நிலையில் வேலை செய்விக்கப்பட்டதை யப்பானியப் பேராளர் ஒப்புக்கொண்டனர். எனினும், 2020 இல் தோக்கியோவில் திறக்கப்பட்ட விளக்க நிலையம் அதனைப் போதியவாறு எடுத்துரைக்கவில்லையென 2021 இல் உலக மரபுரிமைக் குழு தன் வருத்தத்தைத் தெரிவித்தது.

2009 முதற் பயணிகள் தீவின் தென்பகுதியில் வேலியிட்ட நடைபாதையளவிற் செல்லலாம்; மாடிகளுட் புகுதல் கூடாது. சுரங்கத்துள் இறங்கச் சென்ற தொழிலாளர் ஏறிய படிக்கட்டின் எச்சம் அங்கிருந்து தெரியும்.