துளை இல்லாத தகரக் கூரை தேடும் மலை வீடுகள்

புது தில்லி: சிம்லா நகரின் ரிட்ஜ் திடலில் நின்று பள்ளத்தாக்கை நோக்கினால், தேவதாரு மரங்களுக்கிடையே சிவப்பும் பச்சையுமாகத் தகரக் கூரைகள் அடுக்கடுக்காகத் தெரியும். சுற்றுலாப் பயணிகளுக்கு அது புகைப்படம் எடுப்பதற்குரிய அழகிய காட்சி. அக்கூரைகளின் கீழே வசிப்போருக்கோ மழைக்காலம் நெருங்கும்போதெல்லாம் ஒரே கவலை. இம்முறை எந்த இடத்தில் ஒழுகும், எந்தத் தகடு காற்றில் கிளம்பும் என்பதே அது.

காஷ்மீரிலிருந்து மிசோரம் வரை இமயமலையையும் வட கிழக்கையும் ஒட்டிய மாநிலங்கள் பலவற்றில் வீடு என்றாலே பெரும்பாலும் தகரக் கூரைதான். நாடு முழுவதையும் எடுத்துக் கொண்டாலும் இக்கூரைகள் பெருகியே வந்துள்ளன. தகரம், உலோகம், கல்நார்த் தகடு ஆகியவற்றால் கூரை வேய்ந்த வீடுகள் 2001-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 12 சதவீதமாக இருந்தன. 2011-இல் அது சுமார் 16 சதவீதமாக உயர்ந்தது. ஆனால், அத்தகடுகளை வீட்டின் மீது பொருத்தும் முறை மட்டும் பல இடங்களில் இன்னமும் ஆணியும் தாருமாகவே நீடிக்கிறது.

கல்லிலிருந்து தகரத்துக்கு: பெயர் தகரம் என்றாலும், பொருள் துத்தநாகம் பூசிய உருக்குத் தகடே. நெளிவுத் தகட்டுக்கு 1829-இல் லண்டனில் ஹென்றி ராபின்சன் பால்மர் காப்புரிமை பெற்றார். இரும்பின் மீது துத்தநாகம் பூசித் துருவைத் தடுக்கும் முறைக்கு 1837-இல் பிரான்ஸில் ஸ்டானிஸ்லாஸ் சோரெல் காப்புரிமை பெற்றார். இவ்விரண்டும் இணைந்து உருவான தகடு, ஆங்கிலேயர் ஆட்சியில் இந்திய மலை நகரங்களுக்கு வந்து சேர்ந்தது.

அதற்கு முன்பு ஹிமாசலப் பிரதேசத்தின் காங்ரா பகுதியில் சிலேட்டுக் கல்லும், காஷ்மீரில் பூர்ஜ மரப்பட்டையின் மீது பரப்பிய மண்ணும் கூரைகளாக இருந்தன. வெயிலையும் குளிரையும் தடுப்பதில் இவற்றுக்கு நிகரில்லை. ஆனால், எடை மிகுதி. 1905 ஏப்ரல் 4-ஆம் தேதி காங்ராவை உலுக்கிய நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 20 ஆயிரம் பேர் உயிரிழந்தனர். வலுவற்ற மண், கல் சுவர்களோடு கனத்த கூரைகளும் உறங்கியவர்கள் மீது சரிந்தன. அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு, 1897 ஜூன் 12-ஆம் தேதி ஏற்பட்ட பெரும் நிலநடுக்கம் ஷில்லாங் நகரின் கல் கட்டடங்களைத் தரைமட்டமாக்கியது. அதன் பின்னர் மரச் சட்டம், நாணல் தட்டிச் சுவர், தகரக் கூரை ஆகியவற்றைக் கொண்ட 'அசாம் பாணி' வீடு அப்பகுதி முழுவதும் வழக்கமாயிற்று.

அரை மில்லி மீட்டர் கனமுள்ள உருக்குத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 4 கிலோ எடையே கொண்டது. ஒன்றன் மீது ஒன்றாக அடுக்கிய சிலேட்டுக் கற்கள் அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் கனமானவை. நிலநடுக்கத்தில் உயிர்காக்கும் இந்த லேசான எடைதான் புயலில் தகரத்தின் பலவீனமாக மாறுகிறது.

காற்றின் கணக்கு: கட்டடங்களின் மீது காற்று செலுத்தும் விசையைக் கணக்கிடுவதற்கான இந்திய தர நிர்ணயத்தின்படி, குவாஹாட்டியின் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் உண்டாகும் காற்றழுத்தம் சுமார் 150 கிலோ எடைக்குச் சமம். கூரையின் மீது அது உறிஞ்சு விசையாகச் செயல்பட்டுத் தகட்டை மேல்நோக்கி இழுக்கிறது. மூலைகளிலும், இறவாரத்திலும், முகட்டிலும் இந்த இழுவை மேலும் அதிகம். நான்கு கிலோ தகட்டை அப்போது பிடித்து நிறுத்துபவை, அதைச் சட்டத்துடன் இணைத்துள்ள சில ஆணிகளே. அசாமில் 'பர்தோய்சிலா' என்று அழைக்கப்படும் கோடைப் புயல் மார்ச் முதல் மே வரை வீசும் நாள்களில், பறந்து வரும் தகடு தெருவில் செல்வோருக்கும் ஆபத்தாகிவிடுகிறது.

ஒழுகுவது எதனால்?: நெளிவுத் தகட்டைக் குறுக்குச் சட்டத்துடன் இணைப்பதற்கு நீண்ட காலமாகப் பயன்படுவது 'ஜே போல்ட்' எனப்படும் கொக்கி ஆணி. அண்மைக் காலமாகத் தானே துளையிட்டு இறங்கும் திருகாணிகள் அந்த இடத்தைப் பிடித்துள்ளன. எதுவாயினும் தகட்டில் துளை விழுந்தாக வேண்டும். ஒரு சாதாரண வீட்டின் கூரையில் இவ்வாறு நூற்றுக்கணக்கான துளைகள் விழுகின்றன. தார் பூசிய வாஷரோ, ரப்பர் வாஷரோதான் அவற்றை அடைத்து நிற்கிறது.

வெயிலில் வாஷர் காய்ந்து வெடிக்கிறது. அதைவிட முக்கியமான காரணம், தகட்டின் அசைவு. குளிர்கால இரவுக்கும் கோடை நண்பகலுக்கும் இடையே தகட்டின் வெப்பநிலை 60 டிகிரி செல்சியஸ் மாறுவதாகக் கொண்டால், எட்டு மீட்டர் நீள உருக்குத் தகடு ஏறத்தாழ 6 மி.மீ. நீண்டு சுருங்கும். அலுமினியமெனில் அதைப்போல இரு மடங்கு. ஆணியோ அசைவதில்லை. ஆண்டுக்கணக்கில் நிகழும் இந்த இழுபறியில் துளை நீள்வட்டமாகிறது, வாஷர் தளர்கிறது, நீர் இறங்குகிறது, துளையின் விளிம்பிலிருந்து துரு பரவுகிறது. தகடு நல்ல நிலையில் இருக்கும்போதே கூரை கெட்டுவிடுவது இதனால்தான்.

நிமிர்ந்து நிற்கும் மடிப்பு: இதற்கு மாற்றாகக் கட்டுமானத் துறையினர் முன்வைப்பது 'ஸ்டாண்டிங் சீம்' எனப்படும் நிமிர்மடிப்புக் கூரை. இதன் தத்துவம் புதிதல்ல. ஐரோப்பியத் தேவாலயங்களின் செம்புக் கூரைகள் பல இம்முறையில் அமைந்தவையே. இந்தியாவில் விமான நிலையங்களிலும் பெரிய தொழிற்கூடங்களிலும் இது பயன்பாட்டில் உள்ளது. இப்போது வீடுகளுக்கும் கிடைக்கிறது.

நெளிவில்லாத தட்டையான தகடுகளின் இரு நீண்ட விளிம்புகளும் சுமார் 25 முதல் 50 மி.மீ. உயரத்துக்கு நிமிர்த்தப்படுகின்றன. அடுத்தடுத்த தகடுகளின் விளிம்புகள் ஒன்றையொன்று கவ்வுமாறு மடிக்கப்படுகின்றன. இணைப்பு நீரோடும் பரப்பிலிருந்து உயர்ந்து நிற்பதால், மழைநீர் அதை எளிதில் எட்டாது. தகட்டைக் கூரையுடன் பிடித்து வைக்கும் சிறு கிளிப்புகள் மடிப்புக்குள்ளேயே மறைந்துவிடுகின்றன. திருகாணி கிளிப்பின் வழியாகப் பலகையில் இறங்குகிறதே தவிர, தகட்டைத் துளைப்பதில்லை. கிளிப்பின் பிடிக்குள் தகடு நீளவாக்கில் நகரவும் இடமிருக்கிறது.

பொருத்தும் முறை: முதலில் கைமரங்களின் மீது மரப்பலகையோ, நீரைத் தாங்கும் ஒட்டுப்பலகையோ பரப்பப்படுகிறது. பலகையில் மேடு பள்ளம் இருந்தால் அது தகட்டில் அலையாகத் தெரியும். அதன் மேல் நீர் புகாத விரிப்பு, இறவாரத்தில் தொடங்கி முகடு நோக்கி, மேல் வரிசை கீழ் வரிசையின் மீது படியும்படி விரிக்கப்படுகிறது. பின்னர் இறவாரத்தின் விளிம்பில் நீர்ச்சொட்டுப் பட்டை பொருத்தப்படுகிறது.

தகடுகளை ஆலையிலிருந்து வெட்டிக் கொண்டு வருவதைவிட, தகட்டுச் சுருளையும் அதை வடிவமைக்கும் சிறு எந்திரத்தையும் வீட்டருகே கொண்டு வருவதே சிறந்தது. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் பத்து மீட்டர் தகட்டுடன் லாரி திரும்ப இயலாது என்பது ஒரு காரணம். முகட்டிலிருந்து இறவாரம் வரை ஒரே தகடாக அமைந்தால் குறுக்கு இணைப்பே தேவைப்படாது என்பது மற்றொன்று.

வேலையைத் தொடங்குமுன் கூரையின் எதிரெதிர் மூலைகள் அளக்கப்படுகின்றன. முதல் தகடு இறவாரத்துக்குச் செங்குத்தாக அமைய வேண்டும். அதில் ஏற்படும் சில மில்லி மீட்டர் பிழை, பத்தாவது தகட்டில் விரற்கடை அளவுக்கு வளர்ந்துவிடும். கிளிப்புகள் பொதுவாக 30 முதல் 60 செ.மீ. இடைவெளியிலும், காற்றின் இழுவை மிகுந்த ஓரங்களில் மேலும் நெருக்கமாகவும் வைக்கப்படுகின்றன. தகட்டின் கீழ் முனை நீர்ச்சொட்டுப் பட்டையைச் சுற்றி உட்புறமாக மடிக்கப்படுவதால் காற்று அடியில் நுழைய வழியில்லை. முகடு, இறவாரம் ஆகிய இரண்டில் ஒரு முனை மட்டுமே அசையாமல் பூட்டப்படும். மறுமுனை நகர்வதற்கு விடப்படும். இறுதியில் கைக்கருவியாலோ மின்கருவியாலோ மடிப்புகள் இறுக்கப்படுகின்றன. பனியும் கனமழையும் மிகுந்த இடங்களிலும், சரிவு குறைந்த கூரைகளிலும் இரட்டை மடிப்பே பாதுகாப்பானது.

பழக்கத்தால் வரும் பிழைகள்: நல்ல தகடு வாங்கியும் கூரை கெடுவதற்குக் காரணமாக இருப்பவை சில பழக்கங்கள். வட்ட அறுவை எந்திரத்தால் தகட்டை வெட்டும்போது தெறிக்கும் தீப்பொறி, மேற்பூச்சைப் பொசுக்கித் துருவுக்கு வழிவகுக்கிறது. கத்தரி கொண்டு வெட்டுவதே முறை. சுவரும் கூரையும் சேரும் இடத்தைச் சிமென்ட் சாந்தால் அடைப்பது மற்றொரு பிழை. ஈரச் சிமென்ட்டின் காரத்தன்மை துத்தநாகத்தையும் அலுமினியத்தையும் அரிக்கும். தகடு நீளும்போது சாந்தும் வெடித்துவிடும். அங்கு வளைத்த உலோகப் பட்டையே பொருத்தப்பட வேண்டும். செம்புக் குழாயிலிருந்து வழியும் நீர் துத்தநாகப் பூச்சின் மீது விழுந்தாலும் அரிப்பு விரைவுபடும்.

1972-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த, 55 சதவீதம் அலுமினியமும் எஞ்சியதில் பெரும்பகுதி துத்தநாகமும் கலந்த பூச்சு, வெறும் துத்தநாகத்தைவிடப் பல சூழல்களில் நீண்ட நாள் உழைக்கிறது. ஆனால், எந்தப் பூச்சும் தவறான கைவேலைக்கு ஈடுகொடுக்காது.

ஒலி, வெப்பம், பனி: உலகிலேயே மிக அதிகமாக ஆண்டுக்கு 11,800 மி.மீ.க்கு மேல் மழை பெய்யும் மேகாலயத்தின் மௌசின்ராமில், மழையின் பேரொலியைத் தணிக்கத் தகரக் கூரை மீது புல் கட்டுகளைப் பரப்புவது வழக்கம். மரப்பலகையின் மீது படியும் நிமிர்மடிப்புக் கூரையில் இந்த ஒலி வெகுவாகக் குறையும். பலகைக்கு அடியில் கண்ணாடி இழை போன்ற தடுப்பும், முகட்டில் காற்றுப்போக்கியும் அமைத்தால் வெப்பமும் தணியும். குளிர்காலத்தில் சமையலறை ஆவி தகட்டின் அடியில் குளிர்ந்து சொட்டுவதை ஒழுகல் என எண்ணித் தார் பூசுவோர் உண்டு. அதற்கும் காற்றோட்டமே மருந்து.

சிம்லாவில் இப்பிரச்னைக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 2017-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அங்கு கட்டடங்களை இரண்டு தளங்களும் பரணுமாகக் கட்டுப்படுத்தியது. அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் ரத்து செய்து, நகர வளர்ச்சித் திட்டத்தைச் செயல்படுத்த வழிவிட்டது. எனினும், நிலம் அருகிய நகரில் சரிவுக் கூரையின் கீழுள்ள பரணும் பலருக்கு வாழ்விடமே.

வழவழப்பான உலோகத்தில் ஓர் ஆபத்தும் உள்ளது. தேங்கிய பனி திடீரென மொத்தமாகச் சரிந்து கீழே நிற்பவர்களைத் தாக்கும். காஷ்மீரில் இது உயிர்ப்பலி வாங்கியதுண்டு. வாசலுக்கு மேல் பனித் தடுப்புகள் அவசியம். அவற்றையும், சூரிய மின் தகடுகளையும் மடிப்பைக் கவ்வும் இறுக்கிகளால் துளையின்றியே பொருத்தலாம். வீடுகளில் சூரிய மின்சாரத்தை ஊக்குவிக்க மத்திய அரசு 2024-இல் தொடங்கிய திட்டத்துக்குப் பின்னர் இது கூடுதல் கவனம் பெற வேண்டிய அம்சம்.

செலவு யாருக்கு?: நிமிர்மடிப்புக் கூரைக்கு நெளிவுத் தகட்டைவிடச் செலவு கணிசமாக அதிகம். பலகை, விரிப்பு, எந்திரம், பயிற்சி பெற்ற ஆள் என அனைத்துக்கும் விலையுண்டு. பிரதமரின் கிராமப்புற வீட்டு வசதித் திட்டம் 2016-இல் தொடங்கப்பட்டபோது மலைப் பகுதிகளில் ஒரு முழு வீட்டுக்கும் நிர்ணயிக்கப்பட்ட உதவித் தொகை ரூ. 1.30 லட்சம். அத்தொகையில் வீடு கட்டுபவருக்கு இக்கூரை எட்டாக்கனியே.

ஆயினும் இதன் பாடம் அவருக்கும் பொருந்தும். நெளிவின் பள்ளத்தில் அல்லாமல் மேட்டில் துளையிடுவது, ஓரங்களில் ஆணிகளை நெருக்கி அடிப்பது, குறுக்குச் சட்டத்தைக் கைமரத்துடனும், கைமரத்தைச் சுவருடனும் உலோகப் பட்டையால் கட்டுவது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வாஷர்களை மாற்றுவது ஆகியவற்றுக்குப் பெரும் செலவில்லை. அய்சாலில் மழைநீரைக் கூரையிலிருந்து தொட்டிக்கு இறக்கி ஆண்டு முழுவதும் பயன்படுத்தும் குடும்பங்களுக்குத் துருவற்ற கூரை என்பது குடிநீர்ப் பிரச்னையும்கூட. 60 சதுர மீட்டர் கூரையில் 2,000 மி.மீ. மழை பெய்தால் விழும் நீர் 1.20 லட்சம் லிட்டர்.

புயலுக்குப் பின்னர் தகரக் கட்டுகளை வழங்குவது வட கிழக்கு மாநிலங்களில் பழகிப்போன நிவாரணம். அத்துடன் தரமான ஆணியும் வாஷரும், அவற்றை முறையாகப் பொருத்தத் தெரிந்த ஆளும் சேர்ந்து கிடைத்தால், அதே வீட்டுக்கு அடுத்த ஆண்டும் தகரம் வழங்க வேண்டியிராது. தொழிற்பயிற்சி நிலையங்களில் தகட்டு வேலை தனிப் பிரிவாகவே கற்பிக்கப்படுகிறது. அப்பயிற்சியில் வீட்டுக் கூரைக்கும் உரிய இடம் அளிப்பது குறித்து மலை மாநில அரசுகள் சிந்திக்க வேண்டும்.