ஊடகப் பெட்டியும் திறந்த மூல மென்பொருளும்

தொலைக்காட்சித் திரையின் அருகே வைக்கப்பெறும் உள்ளங்கையளவான சிறு பெட்டி முழுமையானதொரு கணினியே என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. செயலி, நினைவகம், இயங்குதளம், வலையமைப்பு இணைப்பு ஆகிய யாவும் அதனுட் பொருந்தியுள்ளன. கணினியாயின், அதனை விலைகொடுத்து வாங்கியவர் தாம் விரும்பிய மென்பொருளை அதில் இயக்கலாமன்றோ என்னும் வினா எழுதல் இயல்பே. ஆயினும், விற்றவர் அனுமதித்த மென்பொருளன்றி வேறெதுவும் இயங்காவாறு பூட்டப்பெற்ற பெட்டிகள் சந்தையிற் பலவுள. அப்பூட்டுக்கும் திறந்த மூல மென்பொருளுக்கும் இடையே இருபதாண்டுகளுக்கு மேலாக நிகழ்ந்துவரும் இழுபறியை விளங்கிக்கொள்வதற்குக் கோடி என்னும் ஊடக மைய மென்பொருளின் வரலாறு தக்கதொரு சான்றாகும். கோடி எனின் தமிழர் செவிக்குப் பேரெண்ணும் புத்தாடையுமே முதலில் நினைவுக்கு வரும். இப்பெயருக்கும் அவற்றுக்கும் யாதொரு தொடர்புமில்லை.

மைக்ரோசொவ்ற் நிறுவனம் 2001 நவம்பரில் எக்ஸ்பொக்ஸ் என்னும் விளையாட்டுப் பெட்டியை விற்பனைக்கு விட்டது. 733 மெகாஹேட்ஸ் வேகமுடைய செயலியும் 64 மெகாபைற் நினைவகமுங் கொண்ட அப்பெட்டி, அமைப்பால் அக்காலத்து மேசைக் கணினியை ஒத்திருந்தது. வன்தட்டு, இறுவட்டுச் செலுத்தி, தொலைக்காட்சி இணைப்பு ஆகியனவும் அதற்கு உண்டு. ஆனால், அந்நிறுவனத்தின் மின்னொப்பம் பெற்ற நிரல்களையே அது ஏற்கும். பொழுதுபோக்காக நிரல் எழுதுவோர் சிலர், பெட்டியினுட் சிறு சில்லொன்றைப் பற்றவைத்தும் விளையாட்டு நிரல்களிற் கண்ட வழுக்களைப் பயன்படுத்தியும் அக்காவலைக் கடந்தனர். 2002இல் படமும் இசையும் இயக்கும் நிரலொன்றை அதில் ஓடச் செய்தனர். அதுவே வளர்ந்து, 2004இல் எக்ஸ்பொக்ஸ் மீடியா சென்ரர் என்னும் பெயருடன் முதற் பதிப்பாக வெளிவந்தது. எக்ஸ்.பி.எம்.சி. என்பது அதன் சுருக்கப் பெயர்.

இங்கு ஒரு விந்தை உண்டு. இந்நிரலின் மூல வடிவம் யாவருக்குந் திறந்திருந்தது. ஆயினும் அதனை எக்ஸ்பொக்ஸில் இயங்கும் வடிவமாக மாற்றுதற்கு வேண்டிய கருவித் தொகுதி மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் உடைமை. உரிமம் பெற்ற விளையாட்டு நிறுவனங்களுக்கன்றிப் பிறருக்கு அது வழங்கப்படுவதில்லை. ஆதலின் நிரலை ஆக்கியோர் மூல நிரலை மட்டுமே வெளியிட்டனர். இயங்கும் வடிவத்தைத் தம் பெயரால் வழங்கினாரல்லர். சமையற் குறிப்பை ஊரெங்கும் பரப்பலாம், சமைத்த சோற்றை ஒருவருக்கும் பரிமாறலாகாது என்பது போன்ற நிலை அது. மூலம் திறந்திருப்பதும் பொருள் கைக்கு எட்டுவதும் ஒன்றல்ல என்பது இம்மென்பொருளின் பிறப்பிலேயே காணக்கிடந்தது.

2007இல் லினக்ஸ் தளத்துக்கு இதனைக் கொண்டுசெல்லும் முயற்சி தொடங்கிற்று. 2008இல் லினக்ஸ், விண்டோஸ், மக் ஆகிய தளங்களிலும் அது இயங்கலாயிற்று. 2010இல் பழைய எக்ஸ்பொக்ஸுக்கான ஆதரவு முதன்மைத் திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. அப்பெட்டியைக் கைவிட மனமில்லாதோர் தனிக்கிளை பிரித்துப் பணியைத் தொடர்ந்தனர். பிறந்த பெட்டியை விட்டு நீங்கிய பின்பும் அதன் பெயரைச் சுமந்து நின்ற மென்பொருள், 2014இல் கோடி எனப் பெயர் மாற்றம் பெற்றது.

இம்மென்பொருளின் தொழில் யாது? வீட்டு வன்தட்டிலோ வலையமைப்பிலோ உள்ள படங்களையும் இசையையும் நிழற்படங்களையும் ஒழுங்குபடுத்தி, தொலைவிலிருந்து வாசிக்கத்தக்க பெரிய எழுத்திற் பட்டியலிட்டு, தொலையியக்கியால் தெரிவுசெய்தவற்றைத் திரையில் இயக்குவதே. பைதன் மொழியில் எழுதப்படும் துணைநிரல்களால் அதன் ஆற்றலைப் பெருக்கலாம், தோற்றத்தையும் மாற்றலாம். அதன் இடைமுகத்துக்குத் தமிழ் மொழிப் பொதியும் உண்டு. இவை எளிதில் விளங்குவன. சிக்கல் யாவும், படத்தை இயக்குதல் என்னும் ஒரு சொல்லினுள் அடங்கிக் கிடக்கின்றது.

1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமுமுள்ள ஒரு சட்டகத்தில் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் உள. ஒவ்வொன்றின் நிறத்துக்கும் மூன்று பைற் எனக் கொண்டால், ஒரு சட்டகத்துக்கு 6 மெகாபைற் வேண்டும். செக்கனுக்கு 24 சட்டகங்கள் ஓடும் திரைப்படத்துக்குச் செக்கனொன்றுக்கு ஏறக்குறைய 150 மெகாபைற் வேண்டும். புளூ-ரே வட்டின் காட்சித் தரவோ உச்ச அளவிலும் செக்கனுக்கு 5 மெகாபைற்றையே எட்டும். அதாவது, காட்சி முப்பதில் ஒரு பங்காகவோ அதனினுங் குறைவாகவோ சுருக்கப்பட்டு வருகின்றது. அதனை இடைவிடாது, உரிய கணத்தில், மீள விரித்தாக வேண்டும். முன்னைய சட்டகத்தினின்று எப்பகுதி எத்திசையில் நகர்ந்தது என்பதைக் கணித்து எஞ்சிய வேறுபாட்டைக் கூட்டும் இப்பணி பொதுச் செயலிக்குப் பெருஞ்சுமை. பழைய எக்ஸ்பொக்ஸ் உயர்தெளிவுப் படங்களிற் பின்னடைந்தமைக்கு இதுவே காரணம். 2007இல் வந்த முதலாவது அப்பிள் ரிவி பெட்டியின் 1 கிகாஹேட்ஸ் செயலிக்கும் இச்சுமை தாங்கவில்லை. ஆர்வலர் சிலர் அதன் கம்பியில்லா வலையமைப்பு அட்டையைக் கழற்றி, அவ்விடத்திற் காட்சி விரிக்கும் அட்டையொன்றைப் பொருத்தி இடர் தீர்த்தனர். திருகாணி திருப்பத் தெரிந்தோர்க்கு அது வழி, ஏனையோர்க்கு அன்று.

அதன்பின், இப்பணியைத் தனியே ஆற்றும் வன்பொருள் விரிப்பி சில்லுக்குள்ளேயே அமைக்கப்பெறுவது வழக்கமாயிற்று. 2012 பெப்ரவரி 29இல் விற்பனைக்கு வந்த றாஸ்பெரி பை என்னும் சிற்றட்டைக் கணினி அதற்கு எடுத்துக்காட்டு. 35 டொலர் விலையும் 700 மெகாஹேட்ஸ் செயலியும் உடைய அவ்வட்டை, விரிப்பியின் துணையால் உயர்தெளிவுப் படத்தைத் தடையின்றி இயக்கிற்று. ஆயினும் பூட்டு அங்கும் இல்லாமற் போகவில்லை. டி.வி.டி. வட்டுகளிற் பயன்படும் எம்பெக்-2 முறைக்கான விரிப்பி அச்சில்லிலேயே இருந்தும், காப்புரிமைக் கட்டணத்தின் பொருட்டு அது மூடப்பட்டிருந்தது. 2012 ஓகஸ்டிலிருந்து 2.40 பவுண் செலுத்துவோர்க்கு, அவரவர் அட்டையின் தொடரிலக்கத்துக்கு மட்டுமே பொருந்தும் திறப்பெண் ஒன்று வழங்கப்பட்டது. திறந்த மூல மென்பொருள் எத்துணை முயன்றாலும், சில்லின் வாயில் மூடியிருப்பின் உள்ளே புக வழியில்லை.

மலிவு விலைப் பெட்டிகள் பலவற்றில் உள்ள அம்லொஜிக் சில்லுகளின் நிலை வேறு. அங்கே விரிப்பி திறந்துள்ளது. ஆனால் அதனை இயக்கும் நிரல், சில்லுற்பத்தியாளர் தாமே திருத்தியமைத்த பழைய லினக்ஸ் கருவோடு பிணைந்துள்ளது. உலகெங்கும் உள்ளோர் மேம்படுத்தும் புதிய கருவுக்கு மாறினால் விரிப்பியின் சில ஆற்றல்கள் இழக்கப்படும். பழைய கருவிலேயே நின்றால் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்து சேரா. கோடியை மட்டும் இயக்குதற்கென அமைந்த லிப்ரெலெக் என்னும் சிறு இயங்குதளம் புதிய கருவை நாடிற்று. படம் பழுதின்றி ஓடுவதே முதன்மை எனக் கருதியோர் 2018இல் அதனின்று பிரிந்து, உற்பத்தியாளரின் கருவையே கொண்டு கோர்எலெக் என்பதைத் தொடங்கினர். இரு சாராரிடத்தும் நியாயமுண்டு. இப்பிரிவினைக்குக் காரணமானவர் சில்லை விற்றபின் அதன் நிரலை உரியவாறு பேணாது விடும் உற்பத்தியாளரேயன்றி, கூலியின்றி உழைக்கும் நிரலாளரல்லர்.

உரிமத்தின் பங்கையும் நோக்குதல் வேண்டும். கோடி, குனூ பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பின்கீழ் வெளியிடப்படுகின்றது. அந்நிரலைத் தன் பெட்டியில் வைத்து விற்பவர் மூல நிரலையும் தருதல் வேண்டுமென்பது அதன் விதி. ஆனால், திருத்திய நிரலை அப்பெட்டி ஏற்கவேண்டுமென அது வெளிப்படையாக விதிக்கவில்லை. ரீவோ என்னும் ஒளிபரப்புப் பதிவுப் பெட்டி லினக்ஸின் மூலத்தை வெளியிட்டது. எனினும் தன் மின்னொப்பமில்லா நிரலை இயக்க மறுத்தது. இவ்வழக்கத்தைத் தடுக்கும் விதி 2007 யூனில் வெளிவந்த மூன்றாம் பதிப்பிற் சேர்க்கப்பட்டது. லினக்ஸ் கருவோ இரண்டாம் பதிப்பிலேயே நின்றுவிட்டது.

இதன் விளைவைப் பொக்ஸி காட்டும். எக்ஸ்.பி.எம்.சி.யின் நிரலை அடித்தளமாகக் கொண்ட அந்நிறுவனத்தின் பெட்டி 2010இல் வெளிவந்தது. 2012இல் அதன் உற்பத்தி நின்றது. மறு ஆண்டு சாம்சங் அந்நிறுவனத்தை வாங்கிற்று. பெட்டியை வாங்கியோர் கையில் எஞ்சியது நல்ல நிலையிலுள்ள வன்பொருளும் முதுமையடைந்து வரும் மென்பொருளுமே. அடித்தளமான நிரல் வேறிடங்களிற் செழித்து வளர, அப்பெட்டி மட்டும் பின்தங்கிற்று.

பூட்டுவோரை மட்டும் குறைகூறி விடுதலும் முறையன்று. திறந்த மென்பொருளைக் கேடாகப் பயன்படுத்தியோரும் உளர். திருட்டுப் படங்களுக்கு வழிகாட்டும் துணைநிரல்களை முன்கூட்டியே ஏற்றிய பெட்டிகளை வணிகர் பலர் கோடிப் பெட்டி என விற்றனர். அத்தகைய பெட்டியை விற்பதும் பதிப்புரிமை மீறலாகலாம் என ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2017 ஏப்பிரல் 26இல் தீர்ப்பளித்தது. கோடித் திட்டத்தினர் தாம் எப்படத்தையும் வழங்குவதில்லை எனப் பலகால் எடுத்துரைத்தும், பெயருக்கு நேர்ந்த இழுக்கு எளிதில் நீங்கவில்லை. 2015இல் அமேசன் தன் செயலிக் கடையிலிருந்து கோடியை நீக்கியது. எனினும் அதன் பயர் ரிவி கருவிகள் அன்ட்றொயிட் வழிவந்த தளத்தைக் கொண்டிருந்தமையால், கடைக்கு வெளியே பெற்ற கோடியை உரியவர் தாமே நிறுவ முடிந்தது.

கட்டணஞ் செலுத்தி முறையாகப் படம் பார்ப்போர்க்கும் வேறொரு தடையுண்டு. நெற்பிளிக்ஸ் முதலியன தம் படங்களை மறையீடு செய்தே அனுப்புகின்றன. 2019இல் வந்த கோடி 18, அம்மறையீட்டை உரிய கூறின் துணையால் நீக்கும் வசதியை ஏற்றது. ஆயினும் வைட்வைன் என்னும் அம்முறையின் உயர்நிலை, சான்று பெற்ற வன்பொருளினுட் பூட்டிய பகுதியிலேயே நிகழும். அச்சான்றில்லாத லினக்ஸ் பெட்டியில் முழுக்கட்டணஞ் செலுத்தியவருக்கும் பெரும்பாலும் தெளிவு குறைந்த படமே கிட்டும்.

2025இல் அமேசன், வேகா என்னும் புதிய இயங்குதளத்தைக் கொண்ட பயர் ரிவி கோல் ஒன்றை வெளியிட்டது. அதன் அடிப்படையும் லினக்ஸே. அன்ட்றொயிட் செயலிகளை அத்தளம் நேரே இயக்காது. கடைக்கு வெளியே பெற்ற செயலிகளைச் சாதாரணப் பயனாளர் அதில் நிறுவவும் முடியாது. றாஸ்பெரி பை அட்டையிலோ, சிறு நினைவட்டையினின்று தொடங்கவல்ல அம்லொஜிக் பெட்டிகளிலோ நிலைமை இவ்வாறன்று. கோடியைத் தாங்கிய நினைவட்டையைச் செருகினால் அது இயங்கும், கழற்றினால் அம்லொஜிக் பெட்டி தன் பழைய அன்ட்றொயிட் தளத்துக்கே மீளும்.