ஆழம் தெரியாமல் காலை விடாதே!



கிணத்துல முங்கி அடி மண்ணை எடுத்தவங்களுக்குத் தெரியும், காது வலிக்கும். அதுதான் தண்ணீரின் அழுத்தம். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். அப்படியென்றால் 70 மீட்டரில்? மேலே உள்ள காற்றையும் சேர்த்து 8 மடங்கு! அந்த ஆழத்தில் மூழ்கிக் கிடக்கும் கப்பலுக்குள் நுழைந்து பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மூன்று ஆபத்துகள் உண்டு.

1. மயக்கம்: காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆழத்தில் அது குடிபோதை மாதிரி புத்தியை மங்க வைக்கும். ஆக்சிஜனும் அளவு மீறினால் வலிப்பு வரும். அதனால் ஹீலியம் கலந்த வாயுவைச் சுவாசிப்பார்கள்.

2. குமிழி: சோடா பாட்டிலைச் சட்டென்று திறந்தால் நுரை பொங்கும் அல்லவா? வேகமாக மேலே வந்தால் ரத்தத்திலும் அப்படித்தான் குமிழி வரும். அடியில் 20 நிமிடம் இருந்தவர், அங்கங்கே நின்று நின்று மேலே வர ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகும்.

3. வழி தவறுவது: உள்ளே சேறு கலங்கினால் தன் கையே தெரியாது. கயிறு விட்டுக்கொண்டே போக வேண்டும். வாயுவில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, ஒரு பங்கு ஆபத்துக்கு.

1991-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி கடலில், சுமார் 70 மீட்டர் ஆழத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். 1992 அக்டோபரில் கிறிஸ் ரவுஸ் என்பவரும் அவர் மகன் கிறிஸ்ஸியும் அதற்குள் இறங்கினார்கள். அன்று அவர்கள் சுவாசித்தது ஹீலியம் கலக்காத சாதாரணக் காற்று. உள்ளே மகன் மேல் பொருள் சரிந்து மாட்டிக்கொண்டான். அப்பா போய் மீட்டார். ஆனால் வெளியே வந்ததும், திரும்புவதற்காக வைத்திருந்த சிலிண்டர்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை. நிற்காமல் நேராக மேலே வந்துவிட்டார்கள். இரண்டு பேருமே இறந்துபோனார்கள்.

அவங்க ஒண்ணும் தெரியாதவங்க இல்லை. நீருக்கடிக் குகைகளில் நன்றாகப் பழகியவர்கள். அவர்களுக்கே இப்படி என்றால் மற்றவர்கள் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

அதே கப்பலில் ஜான் சாட்டர்டன் என்பவர் வருஷக்கணக்கில் திரும்பத் திரும்ப இறங்கினார். 1997-இல்தான் அதன் பெயர் யு-869 என்று உறுதியானது. ஆறு வருஷம்!

முக்குளிக்கும் பயிற்சியில் முதல் படி 18 மீட்டர்தான். பொழுதுபோக்காக இறங்குபவர்களுக்கு எல்லை 40 மீட்டர். அதற்குக் கீழே போக தனிப் பயிற்சி வேண்டும். எதைச் செய்ய வேண்டும் என்று அந்த நேரத்தில் யோசிக்கவே முடியாது, புத்தி மங்கியிருக்கும். கை தானாகச் செய்யும் அளவுக்குப் பழகியிருக்க வேண்டும். அதுதான் அனுபவம்.

தைரியம் ஒருவரைக் கீழே இறக்கிவிடும். பயிற்சிதான் மேலே கொண்டுவந்து சேர்க்கும். லீவு நாளில் கிணற்றிலும் கல்குழியிலும் குதிக்கும் நண்பர்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி