வெள்ளம் தங்கும் நிலமும் நிலப்படமும்

மழைநீர் தாழ்ந்த நிலத்தை நாடுவது இயற்கை. எந்நிலம் தாழ்ந்தது, அங்கு நீர் எவ்வளவு ஆழம் நிற்கும் என்பவற்றை முன்னரே அறிந்து, அதற்கேற்ப நிலத்தைப் பயன்படுத்த வழிகாட்டுவதே வெள்ள நிலப்படத்தின் நோக்கமாகும். இதனை விளக்குவதற்கு மும்பையின் வடாலாப் பகுதி தக்க எடுத்துக்காட்டு எனலாம்.

மும்பை முற்காலத்தில் ஏழு தீவுகளாக இருந்தது. அவற்றின் இடையே இருந்த கழிகளும் சேற்று நிலங்களும் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் பெரும்பாலும் தூர்க்கப்பட்டன. 1896-இல் பரவிய பிளேக் நோய்க்குப் பின்னர், 1898-இல் நிறுவப்பெற்ற நகர மேம்பாட்டு டிரஸ்ட் தாதர், மாதுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் குடியிருப்புகளைத் திட்டமிட்டது. தெருக்கள் அமைந்தன, ஆயினும் நிலத்தின் தாழ்வு முற்றிலும் நீங்கவில்லை. தட்டையான நிலத்தில் வடிகால்களுக்குப் போதிய சரிவு கிடைப்பதில்லை. கடல் ஓதம் உயரும் வேளையில் பல வடிகால்களின் வாய் நீருக்குள் மூழ்கிவிடும். அவ்வேளையில் பெருமழையும் பெய்யுமாயின் நீர் வெளியேற வழியின்றித் தெருக்களில் தேங்குகிறது.

2005 ஜூலை 26-இல் தொடங்கிய 24 மணி நேரத்தில் சாந்தாக்ரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அதே நகரின் தென்கோடியான கொலாபாவிலோ 100 மில்லிமீட்டர்கூடப் பெய்யவில்லை. ஆதலின் நகரம் முழுமைக்கும் ஒரே அளவைக் கொண்டு திட்டமிடுதல் பொருந்தாது. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே நிலத்தின் உயரம், வடிகாலின் அளவு, மழை, ஓதம் ஆகியவற்றைக் கணக்கிட்டே நிலப்படம் வரைதல் வேண்டும். 2020 ஜூன் மாதத்தில் மும்பைக்கென மத்திய புவி அறிவியல் அமைச்சகமும் மாநகராட்சியும் தொடங்கிய வெள்ள எச்சரிக்கை அமைப்பு இம்முறையில் அமைந்ததே.

நிலப்படத்தில் காணும் 'நூறாண்டு வெள்ளம்' என்னும் சொல் பலரை மயக்குவதுண்டு. அது நூறாண்டுக்கு ஒருமுறை மட்டுமே வருவதன்று. எந்த ஓராண்டிலும் வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புடையது. முப்பது ஆண்டுகள் நிலைக்கும் ஒரு வீடு அவ்வெள்ளத்தை ஒருமுறையேனும் சந்திக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு 26 ஆகும்.

இக்கணக்கைப் பயன்படுத்தும் முறையை, 1975-இல் மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பிய வெள்ளச் சமவெளி மண்டல மாதிரிச் சட்டத்தையொட்டிய நெறிமுறைகள் காட்டுகின்றன. மருத்துவமனை, மின் நிலையம் போன்றவை நூறாண்டு வெள்ள மட்டத்திற்கு மேல் அமைதல் வேண்டும். பூங்கா, விளையாட்டுத் திடல் ஆகியவை தாழ்நிலத்திலும் அமையலாம். ஏனெனில் அங்கு சில மணி நேரம் நீர் நின்றாலும் பெருங்கேடு விளையாது. வடாலாவின் கிழக்கேயுள்ள உப்பளங்களையும் அலையாத்திக் காடுகளையும் இந்நோக்கிலேயே காணவேண்டும். அவை வெற்று நிலங்கள் அல்ல. மழைநீரும் ஓதநீரும் பரவித் தங்கும் இடங்கள். அவற்றை மேடாக்கினால் அங்கு தங்கவேண்டிய நீர் அண்டைத் தெருக்களில் புகக்கூடும்.

நிலப்படம் எத்துணை நுட்பமாயினும், தரையிற் கண்டறிந்த செய்தியோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பின்னரே நம்பத்தக்கதாகும். நீர் வடிந்தபின் சுவரில் எஞ்சும் கறையின் உயரம், நாள், நேரம், அவ்வேளையின் ஓதநிலை ஆகியவற்றைக் களப்பணியாளர்கள் குறித்து வைத்தல் வேண்டும். ஆசிரியர்கள், நீர் வடிந்து ஆபத்து நீங்கிய பின்னர், மாணவர்களைக் கொண்டு பள்ளியைச் சூழ்ந்த தெருக்களின் எளிய படமொன்றை வரையச் செய்யலாம். சுவர்க்கறை அடுத்த வெள்ளையடிப்பில் மறைந்துவிடும். ஏட்டிற் குறித்த அளவோ அடுத்த கட்டடத்தை எங்கு எழுப்புவது என்பதற்குத் துணை நிற்கும்.